மாடிப்படியில் மிச்சம் பிடிக்கலாமா?

ஹாலைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது மாடிப்படியில்தான். கீழ்த்தரைக்கும் மேல்தளத்துக்கும் 126 அங்குலம் என்றால், 7 அங்குல உயரத்தில் 18 படி வரும். கால் வைக்கும் அகலம் 10 அங்குலம். உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் 24 வருகிறதா, நடை சுகமாக இருக்கும். (17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் பிளாண்டல் சொன்ன சூத்திரம்தான்!) இதையே 15 படியில் அடக்கினால் ஒவ்வொன்றும் 8.4 அங்குலம். பாட்டியின் முழங்காலைக் கேட்டால் தெரியும், ஹாலின் விலை என்னவென்று.

இதைவிட மோசம், டைல்ஸ் கனத்தை மறந்து ஒரேயொரு படி மட்டும் ஒரு அங்குலம் மாறிப்போவது. கால் பழைய உயரத்தையே எதிர்பார்க்கும். இருட்டில் இறங்குகிறவர் தடுமாறுவது அங்கேதான். டைல்ஸ் ஒட்டிய பிறகு வரும் உயரத்தை வைத்துத்தான் முதல் படிக்கே கோடு போட வேண்டும், கொத்தனார் எவ்வளவு அவசரப்பட்டாலும்.