எக்ஸ்ரே நார்மல்... ஆனாலும் மணிக்கட்டு வலிக்கிறதா?

மில்லர்புரத்திலிருந்து துறைமுகத்துக்கு டூவீலரில் வேலைக்குப் போகும் ஒருவர் சறுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுகிற வேகத்தில் கை தானாகத் தரையில் ஊன்றும். மணிக்கட்டு வீங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இருக்காது. 'வெறும் சுளுக்குதான்' என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள், இரண்டு வரிசைகளாக இருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில் ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைகுவெட்ரம் என மூன்று எலும்புகள் அடுத்தடுத்து உள்ளன. இவற்றை அசைக்க எந்தத் தசையும் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. இன்ஜின் இழுக்க நகரும் ரயில் பெட்டிகள் போல, பக்கத்து எலும்புகள் அசைந்தால் இவையும் அசையும். பெட்டிகளைக் கோக்கும் கொக்கிதான் 'லிகமென்ட்' எனப்படும் இணைப்பு நார்.

ஸ்கேபாய்டையும் லூனேட்டையும் பிணைக்கும் நார் அறுந்தால், ஒன்று உள்ளங்கைப் பக்கம் குனியும். மற்றொன்று புறங்கைப் பக்கம் சாயும். இப்படி மணிக்கட்டு நிலைகுலைவதை 1972-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் லின்ஷீட், டாபின்ஸ் குழுவினர் விரிவாக விளக்கினர்.

அதன்பின், தானமாகப் பெற்ற கைகளில் நார்களை ஒவ்வொன்றாக அறுத்து, எலும்புகளின் அசைவை அளந்து பார்த்தனர் ஆய்வாளர்கள். முக்கிய நார் அறுந்தாலும், சுற்றியுள்ள நார்கள் சில காலம் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் முதல் எக்ஸ்ரே ஏமாற்றிவிடுகிறது. வேலை செய்யச் செய்ய அந்த நார்களும் தளரும். எலும்புகளுக்கு இடையே இடைவெளி விழும். ஆண்டுகள் போனால் மூட்டு தேயும்.

உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும், வலை இழுக்கும் மீனவருக்கும் பிடிபலம்தான் பிழைப்பு. கையை ஊன்றி எழும்போது வலி, பிடியில் தளர்ச்சி, அசைக்கும்போது 'டக்' என்ற சத்தம் இருந்தால் அலட்சியம் வேண்டாம். முஷ்டியை இறுக்கி எடுக்கும் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவை பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஆர்த்ராஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள்.

அடிபட்ட கையை நீவ வேண்டாம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, அசையாமல் கட்டி, டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரமாகியும் வலி குறையாவிட்டால் கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அறுந்த சில வாரங்களுக்குள் என்றால் நாரைத் தைத்துச் சேர்க்கும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால், சிகிச்சையும் பெரிதாகும். பழைய அசைவும் முழுதாகத் திரும்பாது.