செக் முடிஞ்சிருச்சு பாஸ்... அப்புறம்?

ஹாஸ்டல் டி.வி. ரூம்ல ராத்திரி கண்ணு முழிச்சு ஃபுட்பால் பார்க்கிற கோஷ்டிக்கு ஒரு கேள்வி. ரெஃப்ரி தப்பு பண்றது பெரிய கொடுமையா? இல்லை, தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அதை மாத்த முடியாம நிக்கிறது பெரிய கொடுமையா?

என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். சாட்சிக்கு ரெண்டு மேட்ச்.

முதலாவது, 2010 தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை. ஜூன் 27. அன்னிக்கு சாயங்காலம் இங்கிலாந்தின் லம்பார்டு அடிச்ச பந்து க்ராஸ்பார்ல பட்டு, கோட்டைத் தாண்டி விழுந்து வெளியே வந்தது. கோல் தரலை. ஜெர்மனி 4-1னு ஜெயிச்சது. இது ஊருக்கே தெரிஞ்ச கதை. அதே ராத்திரி ஜோகன்னஸ்பர்க்ல நடந்ததுதான் செம காமெடி. இல்ல, மெக்சிகோக்காரனுக்கு டிராஜெடி.

அர்ஜென்டினா - மெக்சிகோ மேட்ச். 26-வது நிமிஷம். மெஸ்ஸி தூக்கிப் போட்ட பந்தை டெவெஸ் தலையால முட்டி கோல் போட்டார். அப்பட்டமான ஆஃப்சைடு! லைன்ஸ்மேன் கொடி தூக்கலை. இத்தாலி ரெஃப்ரி ரொபெர்ட்டோ ரொசெட்டி கோல் கொடுத்துட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்டேடியத்தின் பெரிய திரையில ரீப்ளே ஓடுது! மெக்சிகோ பிளேயர்ஸ் திரையைக் காட்டிக் கத்தறாங்க. ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் தனியா நின்னு பேசறாங்க. ஆனா வீடியோவை வெச்சு முடிவை மாத்த அன்னிக்கு விதியில இடமே கிடையாது. கோல் கோல்தான். 3-1. மெக்சிகோ மூட்டை கட்டியது.

அப்புறம் ஃபிஃபா என்ன பண்ணுச்சு தெரியுமா? தலைவர் பிளாட்டர் ரெண்டு டீமுக்கும் மன்னிப்புக் கேட்டார். கூடவே, சர்ச்சையான ரீப்ளே ஸ்டேடியம் திரையில வராம பார்த்துக்கணும்னு கெடுபிடி! பூனை கண்ணை மூடிக்கிட்ட கதைதான்.

2014 பிரேசில்ல கோல் லைன் டெக்னாலஜி வந்துச்சு. 2018 ரஷ்யாவில வி.ஏ.ஆர். வந்துச்சு. அந்த வி.ஏ.ஆர். திட்டத்துக்கு ஃபிஃபா யாரைத் தலைவராப் போட்டுச்சுன்னு நினைக்கிறீங்க? நம்ம ரொசெட்டியைத்தான்! பட்டவனுக்குத்தானே வலி தெரியும்.

சரி, பிரச்னை தீர்ந்ததுன்னு நினைச்சா, வந்தது ரெண்டாவது மேட்ச். 2023 செப்டம்பர் 30. லண்டன்ல டாட்டன்ஹாம் - லிவர்பூல். லிவர்பூல் ஏற்கெனவே பத்துப் பேரோட ஆடுது. 34-வது நிமிஷம் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்க, லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி. வி.ஏ.ஆர். ரூம்ல கோடு போட்டுப் பார்த்தாங்க. ஆஃப்சைடு இல்லை. சுத்தமான கோல்.

ஆனா பாருங்க, மைதானத்துல கோல் கொடுத்துட்டாங்கன்னு வி.ஏ.ஆர். அதிகாரி டேரன் இங்லாந்து நினைச்சுட்டார்! அதனால 'செக் முடிஞ்சுது'ன்னு மைக்ல சொல்லிட்டார். ரெஃப்ரிக்கு அது எப்படிக் கேட்கும்? 'நீ கொடுத்த ஆஃப்சைடு கரெக்ட்'னுதானே! டாட்டன்ஹாம் ஃப்ரீகிக் அடிச்சு ஆட்டம் ஓட ஆரம்பிச்சிருச்சு.

இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு? முடிவு எடுக்கிற அதிகாரம் துளிகூட இல்லாத ரீப்ளே ஆபரேட்டர். 'மைதானத்துல ஆஃப்சைடு கொடுத்திருக்காங்களே, உங்களுக்கு ஓகேவா?'ங்கிற மாதிரி கேட்கிறார். ரூமே ஆடிப்போச்சு. ஆட்டத்தை நிறுத்தலாம்னு இன்னொரு குரல். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார் இங்லாந்து. ஏன்னா ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சுட்டா முந்தைய முடிவை மாத்தக் கூடாதுங்கிறது விதி. ரெண்டே நிமிஷத்துல டாட்டன்ஹாமின் சன் கோல் போட்டார். லிவர்பூல் சமன் செஞ்சது, இன்னொரு ஆளையும் ரெட் கார்டுல இழந்தது, கடைசியில 96-வது நிமிஷம் மாட்டிப் போட்ட சேம்சைடு கோல்ல 2-1னு தோத்தது. அந்த ரூம் ஆடியோவை மூணு நாள் கழிச்சு வெளியிட்டாங்க. கேட்டா நமக்கே வயித்தைக் கலக்கும்.

இனிமே கம்ப்யூட்டரே ஆஃப்சைடு பார்த்துக்கும்னு சிலர் சொல்றாங்க. 2022 கத்தார்ல 12 கேமரா வெச்சு, ஒவ்வொரு பிளேயர் உடம்புலயும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை கணக்கெடுத்தாங்க. இங்கிலீஷ் பிரீமியர் லீக்லயும் 2025 ஏப்ரல்ல அந்த மாதிரி சிஸ்டம் வந்தாச்சு. நல்லதுதான். ஆனா டியாஸை அது காப்பாத்தியிருக்காது பாஸ். அன்னிக்குக் கோடு கரெக்ட்டாத்தான் விழுந்தது. சொதப்பினது வாய்.

என்னைக் கேட்டா, கேமராவைக் கூட்டுறதுக்கு முன்னாடி அந்த விதியில ஒரு சின்ன ஜன்னல் திறக்கணும். ஆட்டம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துக்குள்ள வி.ஏ.ஆர். ரூமே தன் தப்பை ஒத்துக்கிட்டா, விசில் ஊதித் திரும்பி வரலாம்னு. 'அந்த கேப்ல நாங்க கோல் போட்டிருந்தா?'ன்னு டாட்டன்ஹாம் ரசிகர் சட்டையைப் பிடிப்பார். நியாயமான கேள்வி. கோல் விழுந்தாலோ, கார்டு காட்டினாலோ ஜன்னல் மூடிடும்னு வெச்சுக்கலாம். ஆனா அன்னிக்கு அந்த கேப்ல நடந்தது ஒரு ஃப்ரீகிக்கும் கொஞ்சம் பாஸும்தான்.