ஆபரேஷன் தேதி கேட்டாச்சு, எடை பார்த்தாச்சா?

நம் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் வந்து நிற்கிறது. யாருக்காவது ஆபரேஷன் என்றால் உடனே நான்கு கேள்விகள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எவ்வளவு செலவு, இன்ஷூரன்ஸ் உண்டா? ஐந்தாவதாக, "ஆளுக்கு எத்தனை கிலோ குறைந்திருக்கிறது?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கணையப் புற்றுநோய் விஷயத்தில் இந்த ஐந்தாவது கேள்விக்கு மற்ற நான்குக்கும் குறையாத மதிப்பு உண்டு என்பது என் கட்சி. நான் டாக்டர் இல்லை, கணக்கெழுதிக் காலம் தள்ளிய ஆள். என்னோடு ஒரே அலுவலகத்தில் பல வருஷம் இருந்த நண்பருக்கு இந்த நோய் வந்தபோது கூட அலைந்ததில் கொஞ்சம் கேட்டேன், பிறகு நிறையப் படித்தேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் உறுப்பு. இன்சுலினையும் சுரக்கிறது, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளையும் சுரக்கிறது. அதன் தலைப்பகுதியில் கட்டி வந்தால் பித்தக் குழாயை நெருக்கும். கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும். நம் ஊரில் வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி, மோர் சாதம், உப்பில்லாப் பத்தியம். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை வாசல்படி ஏறக்கூடாது. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், நல்ல பெயர் பத்தியத்துக்குப் போகும். கட்டியால் வந்த காமாலை அப்படி இறங்காது. எடைதான் இறங்கும்.

நண்பருக்கு ஐந்து வாரம் இப்படிப் போனது. வீட்டம்மா பாசத்தோடுதான் எல்லாம் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுத்துக் கட்டி என்று தெரிந்தபோது 64 கிலோ இருந்த மனிதர் 55 கிலோ. சர்ஜன் பார்த்துவிட்டு, "இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள், பிறகு செய்கிறேன்" என்றார். உறவுக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். வயிற்றில் புற்றை வைத்துக்கொண்டு தள்ளிப் போடுவதா? வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்று ஒருவர் கிளம்பியே விட்டார்.

சர்ஜன் சொன்னது புதிதல்ல. 1936-லேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஸ்டட்லி என்ற சர்ஜன் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்குப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பு உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அந்த அளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 100-க்கு 4 பேர்கூட இல்லை. இன்று ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் 10 முதல் 15 சதவீத எடை போயிருந்தாலோ, வேறு விதத்தில் கடுமையாக நலிந்திருந்தாலோ, 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யுங்கள், புற்றுநோயாக இருந்தாலும் தள்ளிப் போடலாம் என்கிறது. நண்பரின் கணக்கு 14 சதவீதம்.

ஏன் இவ்வளவு கவலை? இதற்குச் செய்யும் விப்பிள் ஆபரேஷன் சின்ன வேலை இல்லை. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி, சில சமயம் இரைப்பையின் ஒரு துண்டு என்று எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும். அந்தத் தையல் ஆற வேண்டும், கிருமி தொற்றக் கூடாது. தேறி எழுந்த பிறகு கீமோ வேறு காத்திருக்கிறது. எலும்பும் தோலுமாக இருப்பவரால் பல சமயம் கீமோவைத் தொடங்கவே முடிவதில்லை, தொடங்கினாலும் முடிக்க முடிவதில்லை. ஆயுள் குறைவதற்கு அதுவும் ஒரு வழி. கண்டுபிடிக்கும்போதே ஆபரேஷனுக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் 100-க்கு 15, 20 பேர்தான். அந்த வாய்ப்பு கிடைத்தவரைக் கஞ்சி கொடுத்து அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்று ஒரு வரி இருக்கும். 3.5-க்குக் கீழே போனால் டாக்டர் முகம் மாறும். உடனே ஆல்புமின் பாட்டில் ஏற்றச் சொல்லி நச்சரிக்கிறவர்கள் உண்டு. பாட்டில் ஏற்றினால் எண் ஏறும், உடம்பு ஏறாது. அந்த எண் சாப்பாட்டை மட்டும் காட்டுவதும் இல்லை, நோயின் அழற்சியாலும் குறையும். அதனால் சாப்பிட வைத்தால் புற்று போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நண்பர் ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடித்து, இரண்டரை வருஷம் இருந்தார். சாப்பாட்டால்தான் இருந்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கஞ்சிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இப்படிப்பட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 55 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 65 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் தேறினால் அதிகம். எத்தனை டம்ளர் குடிப்பார்?

இன்னொன்று, சாப்பிட்டும் எடை ஏறாதவர்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாவிட்டால், கணைய நொதி குடலுக்கு வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கொழுப்பை நிறுத்துவதைவிட முதலில் டாக்டரிடம் நொதி மாத்திரை பற்றிக் கேளுங்கள். அது சாப்பாட்டோடு கலக்க வேண்டிய மருந்து. முதல் வாய் எடுக்கும்போதும் நடுவிலும் விழுங்க வேண்டும். நண்பர் வீட்டில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பிட்டு முக்கால் மணி கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டயட்டீஷியன் அம்மா கேட்ட பிறகுதான் தெரிந்தது. அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லி, சைவரான அவர் இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் அவர் மனைவியே தயிர் சாதத் தட்டுப் பக்கத்தில் மாத்திரையை வைத்து, "மருந்துக்கு ஏது சைவம், விழுங்குங்க" என்றார்.