வரியும் ஸகாத்தும்: வீட்டுத் தொழில் செய்யும் சகோதரிகளுக்கு



எமது மூதூரில் தையல், இடியப்பம், தொதல், கருவாடு என்று ஏதாவதொரு வீட்டுத் தொழில் நடக்காத தெரு குறைவு. 2004 சுனாமிக்கும் 2006 இடப்பெயர்வுக்கும் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கி நிற்கும் பெண்கள் பலர். அன்னை கதீஜா (ரழி) அவர்கள் சிரியாவுக்குச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்த சீமாட்டி. ஆகவே ஹலாலான வழியில் உழைக்கும் பெண் எவருக்கும் தலைகுனியத் தேவையில்லை.

ஆனால் தொழிலைப் பதிந்துகொள்ளுங்கள் என்றால், “வேண்டாம் மௌலவி, பதிந்தால் டெக்ஸ்காரர் வருவார்” என்கிறார்கள். இந்தப் பயத்தினால் வரும் நட்டம் பெரிது. பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. கடைக்காரரிடம் பெரிய ஓடர் எடுப்பதும் சிரமம். முதல் தேவைப்படும்போது வாராந்தம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரே கதி என்றாகிறது. வரிக்குப் பயந்து வட்டியில் விழுவது எவ்வளவு பெரிய கைசேதம்!

விடயத்தைப் பிரித்துப் பார்த்தால் பயம் தெளியும். செல்லவேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது பிரதேச செயலகம். தனியாகத் தொழில் செய்பவர் வியாபாரப் பெயரை இங்கே பதிகிறார். இது பெயரைப் பதிவது மட்டுமே. இதனால் வருமான வரி பிறப்பதில்லை.

இரண்டாவது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சில தொழில்களுக்கு வருடாந்த அனுமதிப் பத்திரம் வேண்டும். வேறு சிலவற்றுக்குத் தொழில் வரி உண்டு. இவ்விரண்டிலும் அடங்காதவற்றுக்கே வியாபார வரி. அனுமதிப் பத்திரக் கட்டணமோ தொழில் வரியோ செலுத்தும் தொழிலுக்கு, அதே சட்டத்தின் வியாபார வரியை மேலதிகமாகக் கேட்க முடியாது. உணவுப் பண்டம் செய்வோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சந்தித்துக்கொள்வது நல்லது. செலுத்திய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். இங்கேதான் வருமான வரி. 18 வயது நிரம்பியோர் பதிந்து வரி இலக்கம் பெற வேண்டுமென 2023இல் வர்த்தமானி வெளிவந்தது. இலக்கம் எடுத்தவரெல்லாம் வரி கட்ட வேண்டும் என்பதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6. அதன் பின்னர் வீதம் கூடிச் செல்லும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சகோதரி மாதம் 90,000 ரூபாவுக்குத் தைத்துக் கொடுக்கிறார். துணி, நூல், மின்சாரம் என 50,000 போக மிச்சம் 40,000. வருடத்துக்கு 4,80,000. வேறு வருமானம் இல்லையென்றால் வருமான வரி ஒரு சதமும் இல்லை. இன்னொருவரின் வருட இலாபம் 20 இலட்சம் என்றால், மேலதிகமான 2 இலட்சத்துக்கு மட்டும் 12,000 ரூபா. விற்பனை வேறு, இலாபம் வேறு என்பதைக் கவனியுங்கள். வற் வரிக்காகப் பதியும் கடமையோ, வருடத்துக்குக் கோடிக்கணக்கில் விற்பனை செய்வோருக்குரியது.

மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதோடு சேர்த்து வரி போடுவதில்லை. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்பது எமது மார்க்கத்தின் சட்டமும்தான். ஸகாத்தும் அவளுடைய பொருளில் அவள்மீதே கடமையாகிறது.

“ஸகாத் கொடுக்கிறோமே, வரியும் ஏன்?” என்று கேட்போர் உண்டு. “வரி கட்டிவிட்டேன், ஸகாத் தேவையில்லை” என்போரும் உண்டு. இரண்டும் தவறு. ஸகாத் இபாதத், அத்தௌபா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் எட்டுக் கூட்டத்தாருக்கே அது உரியது. வரி, நாம் பயன்படுத்தும் வீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமான பங்கு. ஹதீஸில் கண்டிக்கப்பட்ட ‘மக்ஸ்’ என்பது அநியாயமாகப் பறிக்கும் வரி. பொதுத் தேவைக்குப் பொருள் போதாதபோது வசதியுள்ளோரிடம் நியாயமான வரி அறவிடலாம் என்பதை இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாதிபி போன்றோர் விளக்கியிருக்கிறார்கள்.

கணக்கும் இரண்டுக்கும் வேறு. வருமான வரி இலாபத்துக்கு. ஸகாத், நிஸாபை அடைந்த வியாபாரப் பொருளுக்கு. சந்திர வருடம் பூர்த்தியாகும் நாளில் விற்பனைக்கு இருக்கும் சரக்கின் அன்றைய விலை, கையிலுள்ள காசு, நிச்சயமாகத் திரும்ப வரக்கூடிய கடன் ஆகியவற்றைக் கூட்டி நாற்பதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தையல் மெஷினும் அடுப்பும் அதில் சேரா. கூட்டுத்தொகை 8 இலட்சம் என்றால் ஸகாத் 20,000 ரூபா. வருமான வரியே கட்டத் தேவையில்லாத சகோதரிக்கும் ஸகாத் கடமையாகலாம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டையும் சரியாகச் செய்ய ஒரு கொப்பி போதும். வரவு, செலவு, கொடுக்கல் வாங்கல் மூன்றையும் அன்றாடம் எழுதுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைக்கும்படிதானே ஏவுகிறது! வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடியும். வருமான விபரத்திரட்டு ஒப்படைக்கும் கடைசி நாள் நவம்பர் 30. அதையும் உங்கள் ஸகாத் நாளையும் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். பற்றுச்சீட்டுகளை ஐந்து வருடமாவது பத்திரப்படுத்துங்கள். வீட்டுச் செலவுக்கு எடுக்கும் காசைத் தொழிற் செலவில் எழுத வேண்டாம். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் அலுமாரிக்குள் வைத்துவிடாமல், வருமானம் குறைவென்றாலும் பதில் அனுப்புங்கள்.

உங்களுக்கு எழுதத் தெரியாதா? பாடசாலை செல்லும் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அவளும் கணக்குப் படிப்பாள். உம்மாவின் உழைப்பின் பெறுமதியும் அவளுக்குத் தெரியவரும்.

வல்ல அல்லாஹ் எமது உழைப்பை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.