“ரெண்டும் ஆல்டர்னேட்டர்தானே சார்?”

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வெல்டிங் வேலை செய்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்தார். “சார், பழைய கார் ஆல்டர்னேட்டர் வாங்கி லோடு வண்டி எஞ்சின்ல மாட்டப் போறேன். கரண்ட் இல்லாத சைட்லயும் வெல்டிங் வைக்கலாம். யூடியூப்ல காட்டுறாங்க. வண்டிக்குன்னே விக்கிற வெல்டிங் ஜெனரேட்டர் எதுக்கு? ரெண்டும் ஆல்டர்னேட்டர்தானே சார்?”

ஊசியும் இரும்பு, கடப்பாரையும் இரும்பு. கடப்பாரையால் சட்டை தைக்க முடியுமா?

கார் ஆல்டர்னேட்டரின் வேலை பேட்டரியை சார்ஜ் செய்வதும், விளக்கு, ஹாரனுக்கு மின்சாரம் கொடுப்பதும்தான். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ரெகுலேட்டர் அதைச் சுமார் 14 வோல்ட்டில் பிடித்து வைக்கும். வெல்டிங்கில் தீப்பொறி நிற்கவே 20 முதல் 30 வோல்ட் வேண்டும். ராடு பற்றுவதற்கு முன் 50க்கு மேல் இருந்தால்தான் சுலபமாகப் பற்றும்.

ஒரு பெருக்கல் போடுங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 25 வோல்ட், 110 ஆம்பியர் என்றால் 2750 வாட். 65 ஆம்பியர் கார் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் தருவது 910 வாட். மூன்றில் ஒரு பங்கு!

அப்புறம் வீடியோவில் எப்படி எரிகிறது? ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, ஃபீல்டு சுருளுக்கு நேராக பேட்டரியைக் கொடுத்து, ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். வோல்ட்டேஜ் எகிறுகிறது. இரண்டு அங்குலம் பற்றவைத்ததும் வீடியோ முடிந்துவிடுகிறது. டயோடு கருகுவதையும் சுருளின் வார்னிஷ் உரிவதையும் யார் காட்டுகிறார்கள்? அந்த வயரிங் வண்டியோடு சேர்ந்திருந்தால் ஈசிஎம்மும் போகும்.

வெல்டிங்குக்கென்று செய்த ஜெனரேட்டரில் தாமிரக் கம்பியின் தடிமன், டயோடு, விசிறி எல்லாமே அந்தச் சுமைக்குக் கணக்கிட்டவை. கை நடுங்கித் தீப்பொறி நீண்டாலும் குறைந்தாலும் ஆம்பியர் பெரிதாக மாறாது. 60 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் ஓட்டலாம் என்று அர்த்தம். கார் ஆல்டர்னேட்டரின் மேல் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா?

காட்டுவழியில் ஒடிந்த பிராக்கெட்டை ஒட்டவைத்து வீடு சேர இந்த மாதிரி வித்தைகள் உதவும். மறுக்கவில்லை. ஆனால் தினசரி கூலி வேலைக்கு உதவாது. ஒவ்வொரு சைட்டிலும் கேட் அடிக்கிறவனுக்கு இது பாதியில் கழுத்தறுக்கும்.

வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதற்காக ஓம் விதி மாறிவிடாது. அரை மணி நேரம் தொடர்ந்து பற்றவைத்துக் காட்டுங்கள். பிறகு பேசுங்கள்.

“எதையும் செய்து பார்” என்று வகுப்பில் சொன்னவன் நான்தான். இப்போதும் சொல்கிறேன். ஆனால் பட்டறை மேஜையில் செய்து பாருங்கள், தவணை கட்டி முடிக்காத வண்டியில் வேண்டாம். வெளி சைட்டுக்கு வெல்டிங் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகையையும் கூலிக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

என் மாணவர் “யோசிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.