டயப்பரை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போடுறீங்களா? அந்த முடிச்சை அவிழ்ப்பது யார் தெரியுமா?

காலை ஏழு மணி. தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம். ராத்திரி மாற்றிய இரண்டு டயப்பர்கள் பாத்ரூம் மூலையில் சுருண்டு கிடக்கின்றன. அவசரத்தில் கைக்குக் கிடைத்த கவரில் போட்டு, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, வண்டியில் கொடுத்தாச்சு. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் தினமும் நடப்பது இதுதான். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலும் இதே கதைதான்.

வீட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அந்த கவரின் பயணம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அதை முதலில் பார்த்துவிட்டு, கவர் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று பார்க்கலாம்.

டயப்பருக்குள் என்ன இருக்கு?

பார்க்க பஞ்சு மாதிரி இருந்தாலும் டயப்பரில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சார்ந்த பொருட்கள்தான். குழந்தையின் தோலில் படும் மெல்லிய துணி போன்ற பகுதி பாலிப்ரொப்பிலீன். வெளியே கசியாமல் தடுக்கும் அடிப்பகுதி பாலிஎத்திலீன். நடுவில் மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் பொடியும் இருக்கும். ஈரம் பட்டதும் ஜெல்லியாக ஊதிவிடுவது இந்தப் பொடிதான். இதில் மரக்கூழ் மட்டும்தான் எளிதில் மக்கும்.

ஒரு குழந்தைக்கு நாளைக்கு ஐந்து டயப்பர் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1,825. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர் என்றால், கவர் மட்டுமே 1,825.

கவர் ஏன் வேண்டாம்?

முதல் காரணம், உள்ளே இருப்பது என்னவென்று வெளியே தெரியாது. குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு அது காய்கறித் தோலா, பாட்டிலா, டயப்பரா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. முடிச்சை அவிழ்த்தோ, கவரைக் கிழித்தோதான் பார்க்க வேண்டும். மலத்தில் உள்ள கிருமிகள் நேராக அவர் கைக்கு வருவது அந்த இடத்தில்தான். கையுறை கிழிந்திருந்தாலோ, இல்லாமலே போனாலோ நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது காரணம் நாற்றம். நாற்றத்தை அடக்கத்தான் கவரில் கட்டுகிறோம். ஆனால் காற்றே புகாத ஈரமான பைக்குள் அழுகல் நாற்றம் கூடத்தான் செய்யும். வீட்டில் வராத நாற்றம், அதைத் திறக்கும் ஆளின் முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை இருக்கிறது. தடிமன் எவ்வளவாக இருந்தாலும் தடைதான். கடைக்கு மஞ்சப்பையோடு போய்விட்டு, டயப்பருக்காக மட்டும் கவர் தேடினால் எப்படி?

சட்டம் என்ன சொல்லுது?

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைப் பற்றி தெளிவாகப் பேசின. பயன்படுத்திய டயப்பர், நாப்கினை வீட்டில் உள்ளவர்கள் பாதுகாப்பாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றன. அதற்கான பை அல்லது உறையை டயப்பர் பாக்கெட்டோடு சேர்த்துத் தரும் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்களிடம் வைத்தன.

உங்கள் வீட்டு டயப்பர் பாக்கெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். நாப்கின்களுக்காவது தனித்தனி உறை வருகிறது. டயப்பருக்கு அப்படி ஒன்று வருவது அபூர்வம்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், வீட்டுக் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு. டயப்பர் மூன்றாவது வகை. சுருக்கமாகச் சொன்னால், வீட்டிலேயே தனியாகச் சுற்றி, தனியாகக் கொடுக்க வேண்டிய பொருள் அது.

சரி, கவர் இல்லாமல் எப்படி?

வீட்டில் பழைய நியூஸ் பேப்பர் இருந்தாலே போதும்.

1. டயப்பரில் மலம் இருந்தால் முதலில் அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். நாற்றத்துக்கும் கிருமிக்கும் முக்கியக் காரணம் அதுதான். பலர் விட்டுவிடுவதும் இந்த ஒரு படியைத்தான்.

2. முன்பக்கத்திலிருந்து இறுக்கமாக உள்பக்கம் பார்த்துச் சுருட்டி, அதில் இருக்கும் ஒட்டும் பட்டையாலேயே ஒட்டிவிடுங்கள். ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

3. இரண்டு தாள் பேப்பரை விரித்து, ஒரு மூலையில் வைத்துச் சுருட்டி, இரண்டு ஓரங்களையும் உள்ளே மடியுங்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவார்களே, அதே முறைதான். நூலால் ஒரு கட்டு. அவ்வளவுதான்.

4. பொட்டலத்தின் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போடுங்கள். புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவு அமைப்பான 'ஸ்வச்' முன்னெடுத்த வழி இது. சிவப்புப் புள்ளி தெரிந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பழைய பேப்பரில் இதற்கென்றே பைகளும் செய்து விற்றார்கள் அந்தத் தொழிலாளர்கள்.

5. மூடி போட்ட சின்ன வாளியில் தனியாக வைத்திருந்து, அன்றன்றைக்கே வண்டியில் கொடுங்கள். கொடுக்கும்போது, "அண்ணே, இது டயப்பர்" அல்லது "அக்கா, இது தனி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

வாளியில் நாற்றம் வந்தால் அடியில் ஒரு பேப்பரை விரித்து, கொஞ்சம் சமையல் சோடா தூவலாம். வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் காய வைக்கலாம். வீட்டுக்கு நியூஸ் பேப்பர் வராதவர்கள் மளிகைக் கடைக் காகிதப் பை, பார்சல் வந்த பழுப்புத் தாள் என எதையும் பயன்படுத்தலாம்.

'மக்கும் பை' வாங்கலாமா?

கடைகளில் மக்கும் பை என்று விற்கிறார்கள். அவற்றில் பல, அதிக வெப்பம் உள்ள உரக் கூடங்களில்தான் முறையாக மக்கும். சாதாரணக் குப்பை மேட்டில் அந்தச் சூழல் கிடையாது. அதோடு, உள்ளே இருக்கும் டயப்பரே மக்காதபோது பை மட்டும் மக்கி என்ன பயன்? காசு கொடுத்து வாங்கும் பையைவிட வீட்டில் கிடக்கும் பேப்பரே மேல்.

இதை மட்டும் செய்யாதீங்க

கழிப்பறையில் டயப்பரைப் போடவே கூடாது. உள்ளே இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சி ஊதிக் குழாயை அடைத்துவிடும். அடைப்பு எடுக்க வருவது ஒரு மனிதர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இருந்தும் மரணங்கள் நின்றபாடில்லை. இப்படி இறந்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்திருக்கிறது.

கொல்லையில் போட்டுக் கொளுத்துவதும் வேண்டாம். பிளாஸ்டிக் எரிந்து வரும் நச்சுப்புகை முதலில் போவது அதே குழந்தையின் மூச்சுக்குள்தான். காலி மனை, ஏரிக்கரை, கால்வாய் பக்கமும் வீச வேண்டாம். நாய்கள் இழுத்துப் பிரித்துத் தெரு முழுக்கப் போட்டுவிடும்.

எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா?

முடியும். பகலில் வீட்டில் இருக்கும்போது பழைய காட்டன் வேட்டி, புடவையைக் கிழித்துத் தைத்த துணி போதும். பாட்டிமார்கள் செய்தது அதுதான். டயப்பரை இரவுக்கும் பயணத்துக்கும் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ஐந்து என்பது இரண்டாகிவிடும். துவைத்துப் பயன்படுத்தும் துணி டயப்பர்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் துவைக்கும் வேலை முழுக்க அம்மாவின் தலையில் விழுந்தால் எந்த வீட்டிலும் இது பத்து நாள் தாண்டாது. அப்பாவும் வாளியைத் தூக்க வேண்டும்.

தீர்வு இதோடு முடிஞ்சிருச்சா?

இல்லை. பேப்பரில் சுற்றினாலும் டயப்பர் டயப்பர்தான். அதைத் தனியாக வாங்கி, முறையாக எரிகலனுக்கு அனுப்ப வேண்டியது உள்ளாட்சியின் வேலை. உறை தர வேண்டியது நிறுவனங்களின் வேலை. வாங்கிய குப்பையை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டினால் வீட்டில் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. அப்படி நடந்தால் வார்டு அலுவலகத்தில் கேட்கும் உரிமை, பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்கு நிச்சயம் உண்டு.

அதற்கெல்லாம் நாளாகலாம். பேப்பர் பொட்டலத்துக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தால் நாளைக் காலை உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒரு முடிச்சைக் குறைவாக அவிழ்ப்பார்.