குட் நாட் ஏபிள் டு: பழி மட்டும் தமிழுக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை பிப்லானி பக்கம் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. பெல் டவுன்ஷிப் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து, எங்களை மாதிரி டிரான்ஸ்ஃபரில் போபால் வந்து சேர்ந்த பேங்க் குடும்பங்கள் இரண்டு. வத்தக்குழம்பு, அப்பளம், அப்புறம் வழக்கமான பேச்சு: பிள்ளைகள் படிப்பு.

ஒரு அம்மா சொன்னார்: "ஸ்கூல்ல மிஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க சார், வீட்ல இங்கிலீஷ்தான் பேசணுமாம். இவன் 'ஐ குட் நாட் ஏபிள் டு டூ த ஹோம்வொர்க்'னு எழுதி வச்சிருக்கான். தமிழ்ல யோசிக்கறதாலதான் இப்படி வருதாம்." சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். விருந்துக்குப் போன இடத்தில் சண்டை வேண்டாம் என்று நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன்.

எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது 'செய்ய முடிய இயலவில்லை' என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. 'குட் நாட் டூ' என்றாலே செய்ய முடியவில்லை. 'வாஸ் நாட் ஏபிள் டு டூ' என்றாலும் அதேதான். ஒன்று போதும். இரண்டையும் பிய்த்து ஒட்டுகிற பழக்கம், 'கேன் என்றால் ஏபிள் டு' என்று போர்டில் சமன்குறி போட்டு எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற வகுப்பில் இருந்து வருகிறது என்பது என் கட்சி. தமிழ் வாசனையே படாத போபால்காரப் பிள்ளைகளும் இதையே எழுதுகிறார்கள். லோன் தவணை தவறியவர்கள் எங்கள் கிளைக்குத் தருகிற கடிதங்களில் 'குட் நாட் ஏபிள் டு பே' அடிக்கடி கண்ணில் படும். எழுதியவர்கள் மிஸ்ராவும் யாதவும். அவர்கள் எல்லாம் தமிழிலா யோசித்தார்கள்?

சரி, ஒரு வார்த்தை கூடினால் என்ன, அர்த்தம் புரிகிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் இதே குடும்பத்தில் இன்னொரு தப்பு இருக்கிறது. அதில் ஒரு மனிதரின் வேலையே போகப் பார்த்தது.

2013-ல் வேறு ஊரில், வேறு கிளையில் இருந்தேன். ஹெட் கேஷியர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர். ஆபீஸுக்கு வெளியே எனக்கு அண்ணாச்சி. கேஷ் சேஃப் இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். ஒன்று அவரிடம், மற்றது ஒரு ஆபீசரிடம். ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைகிறது. ஐம்பதாயிரம். விளக்கம் கேட்டார்கள். அண்ணாச்சி யாரிடமும் காட்டாமல் ராத்திரி உட்கார்ந்து தானே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு வாக்கியம்: 'தட் ஈவ்னிங் ஐ குட் நாட் ஓபன் த சேஃப் அலோன்.'

விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ஏன் தனியாகத் திறக்க முயற்சி செய்தீர்கள்?"

அண்ணாச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் சொல்ல வந்தது, 'அன்று சாயந்திரம் நான் தனியாகத் திறந்திருக்க முடியாது.' எழுதியது, 'அன்று சாயந்திரம் என்னால் தனியாகத் திறக்க முடியவில்லை.' முன்னது நடந்திருக்கவே வழியில்லை என்கிறது. பின்னது, முயன்றான், பலிக்கவில்லை என்கிறது. அந்த இங்கிலீஷ் வாக்கியத்துக்கு, ஒரு சாவியோடு திறக்க வழியில்லை என்ற நல்ல அர்த்தமும் கொடுக்கலாம்தான். ஆனால் 'தட் ஈவ்னிங்' என்று நாளும் பொழுதும் குறித்துவிட்டாரே! சந்தேகத்தோடு படிக்கிறவன் எந்த அர்த்தத்தை எடுப்பான்? நடுவில் ஒரு 'ஹேவ்' விழுந்திருந்தால், 'குட் நாட் ஹேவ் ஓபன்ட்' என்றிருந்தால், அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அவர் சார்பில் வாதாட என்னைக் கேட்டார்கள். பி.காம் படித்தவன், ரென் அண்ட் மார்ட்டினை எப்போதோ புரட்டியவன், இலக்கணம் பேசப் போனேன். கடைசியில் காப்பாற்றியது இலக்கணம் இல்லை. கரன்சி செஸ்டுக்கு அனுப்பிய பணத்தில் அந்தக் கட்டு கூடுதலாகப் போய், அங்கே வேறொரு கிளையின் பேரில் வரவாகிக் கிடந்தது. அது வெளியே வர ஆறு மாதம். அதற்குள் புரமோஷன் இன்டர்வியூ போய்விட்டது. அண்ணாச்சி கேஷியராகவே ரிட்டயர் ஆனார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முதல் நாளே என்னிடம் தமிழில் சொன்னார்: "தம்பி, நான் எப்படித் தனியாத் தொறந்திருக்க முடியும்? இன்னொரு சாவி அவர்கிட்டல்லா இருக்கு!" அச்சுப் பிசகாத வாக்கியம். அவருக்குத் தேவையான இலக்கணம் மொத்தமும் அதில் இருந்தது. அதை இங்கிலீஷுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. தமிழை வெளியே விட்டுவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

காட்டிக்கொடுப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. 'திறந்திருக்க முடியாது' என்பதைப் பிரியுங்கள். திறந்து, இருக்க, முடியாது. இப்போது வாலில் இருந்து தலைக்குப் படியுங்கள். முடியாது: குட் நாட். இருக்க: ஹேவ். திறந்து: ஓபன்ட். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. 'வந்திருக்க முடியாது', 'குட் நாட் ஹேவ் கம்'. 'நீங்க இல்லேன்னா என்னால செஞ்சிருக்க முடியாது' என்று நன்றி சொல்கிறோமே, அதற்கும் இங்கிலீஷில் இதே உருவம்தான். 'முடியாது'வுக்குப் பதில் 'வேண்டாம்' போட்டுப் பாருங்கள். 'வந்திருக்க வேண்டாம்' என்றால் 'நீட் நாட் ஹேவ் கம்'. அதிலும் 'இருக்க' நிற்கிற இடத்தில் 'ஹேவ்' நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'அவரால் வந்திருக்க முடியாது' என்றால் காலில் அடி, பஸ் இல்லை, ஏதோ இயலாமை. 'அவர் வந்திருக்க முடியாது' என்றால் நான் யோசித்துப் பார்த்துச் சொல்கிற முடிவு. ஒரு 'ஆல்' உருபில் இரண்டையும் பிரித்துவிடுகிறோம். இங்கிலீஷில் இரண்டுக்கும் 'குட் நாட் ஹேவ்' வரும். இரண்டாவதை மட்டும் தனியாகச் சொல்ல 'கேன் நாட் ஹேவ்' என்று ஒன்று உண்டு. இந்த நுணுக்கத்தை நாலு வயதில் பேசத் தெரிந்த குழந்தையிடம் போய், உன் மொழியால்தான் உனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்கிறார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் காலை வாரிவிடுகிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 'இப்ப நடக்க முடியல', 'நேத்து நடக்க முடியல', இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். அதனால் 'எஸ்டர்டே ஐ கேன் நாட் கம்' என்று வரும். இது தமிழ்த் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையும் தமிழை வைத்துத்தான் திருத்த முடியும். நேற்றா இன்றா என்று கேட்டால் பிள்ளை சொல்லிவிடும். நேற்று என்றால் 'குட் நாட்', கதை முடிந்தது. இங்கிலீஷின் கோணல் தனி. 'நேற்று ரயிலைப் பிடிக்க முடியவில்லை' என்பதற்கு 'குட் நாட் கேட்ச்' சரி. 'பிடிக்க முடிந்தது' என்பதற்கு 'குட் கேட்ச்' சரியில்லை, 'வாஸ் ஏபிள் டு கேட்ச்' என்று போக வேண்டும். 'குட்' என்ற சொல்லின் ஸ்பெல்லிங்கில் நடுவே நிற்கிற 'எல்' கூட அதற்குச் சொந்தமில்லை. 'வுட்', 'ஷுட்' இரண்டையும் பார்த்துப் பின்னால் ஒட்டவைத்தது. இதெல்லாம் வீட்டில் இங்கிலீஷ் பேசினால் சரியாகிவிடுமா? பேசப்போவது யார், நாம்தானே? நம் 'குட் நாட் ஏபிள் டு'வைத்தான் பிள்ளை கேட்டு வளரும் :-)

2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, முடிந்த இடத்திலெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. போபாலில் யார் தமிழில் பாடம் எடுக்கப்போகிறார்கள்? நம் பிள்ளைகளுக்கு இருப்பது சமையலறையும் ஹாலும்தான். அதையும் மூடச் சொல்கிற மிஸ்ஸுக்கு எதிரே, ஊரில் யூனியன் பேசி வளர்ந்த அப்பாக்கள்கூடக் கைகட்டி நிற்கிறார்கள்.

நேற்று அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். பையனை ஞாயிறு காலை அனுப்புங்கள், பத்து நிமிஷம் போதும் என்றேன். "இங்கிலீஷ்லதானே சார் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டார். இல்லைம்மா, தமிழில் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.